பாட்டில் எழுந்திருக்காத மேய்ப்பர்கள்

'இராக்காலம்' என்று ஒரு சொல் போதும். தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களுக்கு மிச்சப் பாட்டும் மெட்டும் தானாக வந்துவிடும். ராத்திரியில் மந்தை காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் தேவதூதன் வந்து சேதி சொல்கிற பாட்டு. டிசம்பர் மாதம் முழுக்க அதைப் பாடுகிறோம். ஆனால் அந்தப் பாட்டில் மேய்ப்பர்கள் கடைசிவரை எழுந்திருப்பதே இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? பயப்படுகிறார்கள், கேட்கிறார்கள். வானத்துச் சேனை பாடுகிறது. அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடுகிறது. அவர்கள் பெத்லகேமுக்குப் போகவும் இல்லை, பிள்ளையைப் பார்க்கவும் இல்லை.

காரணத்தைத் தேடினால் நாஹும் டேட் என்கிற ஒரு ஆளிடம் போய் நிற்போம். 1652இல் டப்ளினில் பிறந்து, 1692இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானவர். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரச'னைத் திருத்தி, கார்டீலியா சாகாமல் கல்யாணம் செய்துகொள்கிற மாதிரி மாற்றி எழுதியவரும் இவரே. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தத் திருத்தம்தான் நூறு வருஷத்துக்கு மேல் லண்டன் மேடைகளில் ஓடியது. கடைசிக் காலத்தில் கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்த இடத்திலேயே 1715இல் செத்துப்போனார். அவர் எழுதியதில் இன்றைக்கும் உலகம் பாடுகிறவற்றில் ஒன்று, 1700இல் ஒரு சங்கீதப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் வந்த இந்தப் பாட்டு.

அன்றைய இங்கிலாந்துத் திருச்சபை, ஆராதனையில் பெரும்பாலும் சங்கீதங்களின் செய்யுள் வடிவத்தைத்தான் பாடவிட்டது. மனிதர் கற்பனையில் எழுதிய பாட்டு என்றால் சந்தேகம். அதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1647இல், பாராளுமன்றம் கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தையே தடை செய்திருந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகுதான் பண்டிகை திரும்பியது. அந்த ஊரில் டேட் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, எட்டாம் வசனத்திலிருந்து பதினாலாம் வசனம் வரை ஏறக்குறைய அப்படியே செய்யுளாக்கினார். அதனால்தான் வெகுகாலம் ஆங்கிலிக்கன் சபைக்குள் பாட அனுமதி இருந்த ஒரே கிறிஸ்மஸ் பாட்டாக இது இருந்தது. பதினாலாம் வசனம் தூதர்களின் துதி. துதியோடு நிறுத்தினால் ஆராதனைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. பதினைந்தில்தான் மேய்ப்பர்கள் "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்புகிறார்கள். அந்த நடை பாட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது.

மெட்டு பாட்டைவிட நூறு வருஷம் மூத்தது. 'வின்செஸ்டர் ஓல்ட்' என்று பெயர். 1592இல் அச்சான சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்துக் கிராமங்கள் இந்த ஒரு மெட்டோடு திருப்திப்படவில்லை. ஷெஃபீல்ட் பக்கத்து மதுக்கடைகளில் இன்றும் கிறிஸ்மஸ் நேரத்தில் ஜனங்கள் கூடி நின்று, இதே வரிகளை விதவிதமான மெட்டுகளில் பாடுகிறார்கள். நமக்குப் பாமாலை வழியாக வந்தது வின்செஸ்டர் மெட்டுதான். எட்டு அசை, ஆறு அசை என்று மாறிமாறி வரும் ஆங்கில அளவுக்குள் தமிழை உட்கார வைக்க வேண்டும். அதற்காக 'பெத்லகேம்' சுருங்கி 'பெத்லேம்' ஆனது.

சபைகளில் பாமாலை ஒரு புத்தகம், கீர்த்தனை இன்னொரு புத்தகம். முதலாவது மேற்கத்திய மெட்டுக்கு எழுதிய தமிழ். இரண்டாவது ராகமும் தாளமும் போட்டு நாமே கட்டியது. கீர்த்தனை என்றால் முதலில் வரும் பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜியின் காலத்தவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தி வருகிறாள். எங்கள் மலைத்தொடரின் தெற்கே, குற்றாலத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடவைத்த அதே மாதிரி குறத்தி. ஊர் ஊராக நடந்து குறி சொல்கிறவள். நல்ல சேதியைச் சொல்ல வீடில்லாத, வீதியில் திரிகிற ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாரே, அங்கே அவர் லூக்காவுக்கு டேட்டைவிடப் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். அதே சாஸ்திரியார்தான் பிறகு சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்ற புதிய மிஷனரிகளோடு மோதி, சாதி வழக்கங்களுக்காக வாதாடினார். குறத்தியைப் பாட்டுக்குள் கூட்டிவந்த மனசு, கோயில் பாயில் சரிசமமாக உட்காருவதை ஏற்கவில்லை. ரெண்டும் ஒரே ஆள்தான்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உறுத்துவது இங்கேதான். 'மேய்ப்பர்' என்றால் இன்று சபையில் யார்? போதகர். அங்கி போட்டவர். 'ஆயர்' என்றால்? கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யில் 'பேராயர்'. சங்கப் பாட்டில் முல்லை நிலத்து மாட்டுக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் இருந்த பெயர் அது. இரண்டு சொல்லும் படியேறி பீடத்துக்குப் போய்விட்டன. நிஜமாகவே ஆடு மேய்க்கிறவர் மட்டும் 'கிடைக்காரர்' என்றும் 'கீதாரி' என்றும் கீழேயே நின்றுவிட்டார். ஞாயிறு பள்ளிப் பிள்ளையிடம் மேய்ப்பரை வரையச் சொன்னால், வெள்ளை அங்கியும் வளைந்த கோலும் வரையும். தலையில் துண்டும் தோளில் தொரட்டியுமாக ரோட்டோரம் போகிறவர் அந்தப் படத்தில் வரமாட்டார்.

மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கம் மலையடி ஊர்களில் கிடை தெரியாதவர்கள் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் நெல்லோ காசோ கொடுப்பார். குட்டிகளைக் கொடாப்புக்குள் மூடிவைத்துவிட்டு, ஆட்கள் திறந்த வெளியில் படுப்பார்கள். படுப்பது என்றால் தூக்கம் இல்லை. திருட்டு, நரி, மலை ஓரமென்றால் சிறுத்தை. கி.ரா.வின் 'கிடை' படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். லூக்கா சொல்வதும் இதே ஆட்களைத்தான்: வயல்வெளியில் தங்கி, ராத்திரி முறைவைத்துக் காவல் காத்தவர்கள். மாசம் எது என்று அவர் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்கிற தேதி நாலாம் நூற்றாண்டு ரோமாபுரியில்தான் பதிவாகிறது. எங்கள் பக்கம் மார்கழியில் பாதி வயலில் பயிர் நிற்கும், கிடைக்கு இடம் ஏது?

இந்தப் பகுதிக்கு இந்தக் கதையைக் கொண்டுவந்தவர்களில் தாமஸ் ராக்லண்ட் முக்கியமானவர். கேம்பிரிட்ஜில் படித்த ஆள். 1854இல் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சுற்ற ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரெல்லாம் அப்போது திருநெல்வேலி ஜில்லாதான். 1910இல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. நாலே வருஷத்தில், 1858இல், சிவகாசியில் இறந்துபோனார். பங்களாவில் உட்காராமல் வெட்டவெளியில் தங்கியவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு பிரியம்.

டேட் விட்டுவிட்ட நடையை எங்கள் ஊர்கள் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டன. நோட்டீஸில் 'கீத பவனி', பேச்சில் 'கேரல்ஸ்'. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, தபேலாவும் டேம்பரினும் நட்சத்திர விளக்குமாக வீடு வீடாகப் போய் எழுப்பிப் பாடுவது. திரும்பும்போது விடிகிற மாதிரி இருக்கும், சில ஊர்களில் அந்நேரம் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்திருக்கும். அதுவும் வீடு வீடாக எழுப்புகிற பாட்டுதான். முப்பது பாசுரத்தில் ஆறு முதல் பதினைந்து வரை, பத்துப் பாட்டில், ஆண்டாள் தூங்குகிற தோழிகளை எழுப்புகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாக நினைத்துக்கொண்டு பாடியவள். ஒரே மாசம், ஒரே பனி, ரெண்டு கூட்டத்துக்கும் மையம் ஆடு மாடு மேய்க்கிற சனங்கள். யார் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சண்டை போடமாட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கேரல்ஸ் இப்போது சபைப் பட்டியலில் இருக்கிற வீடுகளுக்குப் போகிறது. பாட்டு, ஜெபம், காணிக்கைக் கவர், கேக், அடுத்த வீடு. சேதியை முதலில் கேட்டவர்களோ பட்டியல் எதிலும் இல்லாதவர்கள். பேர் பதிந்துகொள்ள ஊரெல்லாம் அவரவர் சொந்த ஊருக்குப் போன ராத்திரியில் வயலிலேயே கிடந்தவர்கள்.

எங்கள் பக்கம் கிடை போட வந்த ஒரு பெரியவரிடம் லூக்கா சொன்னதை ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். டேட் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் இருபதாம் வசனம் வரைக்கும்: கிளம்பிப் போனார்கள், தொழுவத்தில் பிள்ளையைப் பார்த்தார்கள், பார்த்ததை எல்லாரிடமும் சொன்னார்கள், திரும்பி வந்தார்கள். பீடியை அணைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். தேவதூதனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அது சரி தம்பி, அம்புட்டுப் பேரும் போயிட்டா ஆட்டுக்கு யாரு காவலு?" என்றார்.

லூக்கா அதைச் சொல்லவில்லை. "ஒருத்தன் இருந்துருப்பான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். "கடைசி முறைக்காரன். அவன் மட்டும் பிள்ளையப் பாத்துருக்க மாட்டான்."