பெட்டியடியில் படித்தவர்கள்

வணிகவியல் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். முக்கால்வாசி ஒரே அச்சு: சில வாரம் வேலை, முடிந்ததும் ஒரு வினாத்தாள், மாணவருக்குத் திருப்தியா என்று ஓர் அட்டவணை. பணப்பெட்டிச் சாவியை அவனிடம் நம்பிக் கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் அதைத்தான் கேட்டார்கள்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய லேவாதேவிக் கடைகளில் அடிப்படியில் இருந்தவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். பின்னாளில் ஏஜெண்டு என்றார்கள். முதலாளி தேவகோட்டையில் இருப்பார், கடை ரங்கூனிலோ பினாங்கிலோ நடக்கும். பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தொழிலுக்குள் வந்துவிடுவதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் எழுதியிருக்கிறார். அதற்குள் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி முடிந்திருக்கும். முந்திரி என்றால் 1/320, காணி என்றால் 1/80, மா என்றால் 1/20. இவற்றின் பெருக்கல் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். அதை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ள முடியாது என்பதற்கு, திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றி 2022-இல் நூலாக வந்த செந்தில் பாபுவின் ஆய்வைப் பார்க்கலாம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், தரையில் கொஞ்சம் இடம், ஒரு பெட்டி. பகலில் அங்கேதான் வரவு செலவு, ராத்திரி அங்கேதான் படுக்கை. பையன் கூட்டிப் பெருக்குவான், கடிதத்துக்கு நகல் எடுப்பான், வசூலுக்குப் போகும் அடுத்தாளின் பின்னால் நடப்பான், குறிப்பில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவான். கணக்கு இடித்தால் தூக்கம் கிடையாது. கடன் கேட்டு வருகிறவரிடம் மேலாள் எதை விசாரிக்கிறார், எதை வேண்டுமென்றே கேட்காமல் விடுகிறார் என்பதெல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தனியறை இல்லாததால்தான் பாதிப் படிப்பு நடந்தது என்பது என் கணிப்பு.

ஒரு தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். அதற்கான சம்பளத்தைச் சம்பளச் சீட்டில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள்; ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போகும். ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்த பிறகு, அடுத்த சீட்டில் என்ன வேலை எழுதுகிறார்கள் என்பதுதான் பரீட்சை முடிவு.

இந்த அமைப்பில் கடனும் நம்பிக்கையும் சாதி, கோவில், கொண்டு கொடுத்தல் வழியாகவே ஓடின என்று ஆய்வாளர் டேவிட் ரட்னர் 1994-இல் வந்த தம் நூலில் விளக்குகிறார். அதையே திருப்பிப் பார்த்தால், வேறு சாதிப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அந்த வரிசையில் ஏஜெண்டு வரை ஏறியிருக்க முடியாது. வீட்டு வரவு செலவைக் கட்டி ஆண்ட ஆச்சிமாருக்கும் அங்கே இடமில்லை. இதை விட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கடன் வாங்கியவர்கள் பக்கமும் ஒரு கதை உண்டு. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில் 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. முதலாளிகளும் இதை விரும்பவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் நிலம் இழந்த பர்மியக் குடியானவனைப் பற்றிப் பையனுக்கு யார் பாடம் எடுத்தார்கள்? பேரேட்டில் அவன் ஒரு பற்று வரி, அவ்வளவுதான்.

1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததோடு பர்மாவில் இந்தப் பயிற்சி அறுந்தது.

ஆய்வாளர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பெரியவர்களின் குரல். 1930-இல் வந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கையில் தொழில் நுணுக்கமெல்லாம் இருக்கிறது. பையன் வீட்டுக்கு என்ன எழுதினான் என்பதை அதில் தேட முடியாது. அந்தக் கடிதங்கள் இன்னும் சில வீடுகளில் இரட்டைப் பூட்டுக்குள் கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கைப்பெட்டிக்கு நல்ல கிராக்கி, உள்ளே இருந்த காகிதத்துக்குத்தான் கேட்பாரில்லை. அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டில் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஓர் ஆய்வு மாணவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.