சிகிச்சைக்கு முன் ஒரு கேள்வி

பிள்ளைப்பேற்றுக்காக ஏங்கி ஆலயத்தில் அழுத அன்னாவின் கண்ணீரை விவிலியம் மறவாமல் பதிவு செய்திருக்கிறது. நோயுற்ற இளையோரின் அத்தகைய கண்ணீரை மருத்துவ உலகம் உணர்ந்ததோ மிகப் பிந்தியே.

1832-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த நிணநீர்ப் புற்றுநோய், இளவயதினரையும் விட்டுவைக்காதது. 1960-களில் அமெரிக்காவில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை உருவாயிற்று. சாவின் விளிம்பில் நின்ற பலர் பிழைத்தனர். ஆனால் புற்றணுக்களைக் கொன்ற அம்மருந்துகள் விந்தகத்தையும் சினைப்பையையும் சிதைத்தன. உயிர் மீண்டது, பலருக்கு மகப்பேறு மீளவில்லை.

காக்கும் வழி குளிரில் கிடைத்தது. 1949-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவருடன் ஆய்ந்தோரும், கிளிசரின் கலந்து உறையவைத்த சேவலின் விந்தணுக்கள் மீண்டும் அசைவதைக் கண்டனர். ஆண்களுக்கு வழி திறந்தது. பெண்களோ நெடுங்காலம் காத்திருந்தனர். 1994-இல் வெளியான எடின்பரோ ஆய்வில், உறையவைத்த சினைப்பைத் திசுவைத் திரும்பப் பெற்ற ஆடு ஒன்று குட்டி ஈன்றிருந்தது.

1997-இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாக் டொனே, ஹாட்ஜ்கின் நோயுற்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணின் சினைப்பைத் திசுவைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்து, திரவ நைட்ரஜனில் காத்து வைத்தார். நோய் நீங்கியபின், 2003-இல் அத்திசு அவர் உடலிலேயே பொருத்தப்பட்டது. அவர் இயல்பாகவே கருவுற்று, 2004 செப்டம்பரில் பெண் மகவை ஈன்றார். எஞ்சியிருந்த சினைப்பையின் முட்டையே கருவாகியிருக்கலாம் எனச் சிலர் ஐயுற்றனர். எனினும் பின்னர்ப் பல நாடுகளில் இம்முறையால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன.

கருவையே உறையவைப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்று திருச்சபை 1987-இல் அறிவுறுத்தியது. பெண்ணின் திசுவை அவருக்கே திருப்பித் தந்து, இயல்பான கருவுறுதலுக்கு இடமளிக்கும் இவ்வழி அதனின்றும் வேறானது.

இதுவும் எல்லார்க்கும் பொருந்தாது. இரத்தப் புற்றுநோயில், காத்துவைத்த திசுவுடன் நோயணுக்களும் திரும்பக்கூடும். காத்திருக்க நாளில்லாத நோயாளிகளும் உண்டு.

ஆயினும் கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நம் இல்லத்துப் பிள்ளைக்கு இத்தகைய சிகிச்சை தொடங்குமுன், “நாளை இவளுக்கு மகப்பேறு வாய்க்குமா? காக்க வழியுண்டா?” என்று மருத்துவரிடம் கேட்கக் கூச வேண்டாம். முதல் மருந்து ஏறிய பின்னர், அக்கேள்விக்குப் பயன் குறைந்துவிடும். பிழைத்தெழுவாள் என்று நம்புகிறவர்களே அவளுடைய நாளையைப் பற்றிக் கேட்பார்கள்.