செக்கும் கப்பலும்

துடியலூரில் டவுன் பஸ் ஏறி காந்திபுரத்தில் இறங்குகிறவரா நீங்கள்? பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் மத்தியச் சிறையின் நீளமான மதில் வரும். கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அந்த மதிலைக் காட்டுங்கள். கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி., 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை அதற்குள்தான் செக்கிழுத்தார்!

செக்குக் கதை பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். (போதாததற்கு சினிமாவில் சிவாஜி வேறு இழுத்துக் காட்டிவிட்டார்.) நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கம்பெனி கவிழ்ந்ததில் சட்டம் என்ன செய்தது?

வ.உ.சி. வக்கீல். எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டுமே வாங்கலாம். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சத்துக்கு வாங்கினார். முதலில் பம்பாய் ஷா லைன்காரர்களின் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்கார பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கண்ணை உருட்ட, அவர்கள் நழுவிவிட்டார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் கதைக்காகாது என்று 1907-ல் பிரான்ஸிலிருந்து கேலியா, லாவோ என்று இரண்டு வந்து சேர்ந்தன.

எதிர்க் கம்பெனி தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை இறக்கியது. மேலும் இறக்கியது. கடைசியில் ஓசிப் பயணம்... கூடவே ஆளுக்கொரு குடை இனாம்!

இன்றைக்கு இப்படிப் போட்டியாளரை ஒழிக்க விலையைக் குறைத்தால், 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடலாம். அன்றைக்கு அப்படியொரு சட்டமே கிடையாது. குடை கொடுத்தவனைக் கேட்க ஆளில்லை. ஆனால் மேடையில் பேசியவரைப் பிடிக்க ராஜத்துரோகச் சட்டம், 124-ஏ, தயாராக இருந்தது. நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீடுகளில் அது 6 வருஷமாகக் குறைந்தது. இங்கே சிறையில் இருந்தவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர், பெரியபுராணத்துக்கு உரை எழுதிய நம் கோவை வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கேலியாவை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி!

அப்புறம்தான் சட்டப் போராட்டம் சூடு பிடித்தது. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே இந்தியக் கப்பல்தான் சரக்கு ஏற்ற வேண்டும் என்று 1928-ல் சாராபாய் நேம்சந்த் ஹாஜி மத்திய சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பொங்கி எழுந்தன. மசோதா சட்டமாகவில்லை. அதோடு விட்டார்களா? 1935 இந்திய அரசுச் சட்டத்தில் 115-வது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பிரிட்டனில் பதிவான கப்பலைவிட இந்தியக் கப்பலுக்கு எந்தச் சலுகையும் காட்டக் கூடாது! நம் கடல், நம் கரை, சலுகை மட்டும் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகு கரையோரச் சரக்கு நம் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1958 வணிகக் கப்பல் சட்டம் உரிமம் இல்லாமல் கரையோரத்தில் ஓட்டக் கூடாது என்றது. (ஒன்று சொல்லிவிட வேண்டும். கொழும்பு வேறு தேசம். இந்த ஒதுக்கீடு முன்பே இருந்திருந்தாலும் வ.உ.சி.யின் கொழும்புக் கப்பலை அது காப்பாற்றியிருக்காது.) 2018-ல் அந்த வேலியில் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். வேறு கப்பலுக்கு மாற்றவேண்டிய கன்டெய்னர்களை வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமமின்றி நம் துறைமுகங்களுக்கிடையே கொண்டுபோகலாம் என்றானது. நம் ஊர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களைக் கேட்டால் நல்லதுதான் என்பார்கள். கப்பல் முதலாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

2025-ல் கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இந்தியக் கப்பலுக்குப் பொது உரிமம் வேண்டாம், வெளிநாட்டுக் கப்பலுக்கு உரிமம் வேண்டும் என்கிறது அது. அதே வருஷம் பழைய இந்தியத் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாகவும் புதிய சட்டம் வந்தது. அந்தப் பழைய சட்டம் பிறந்த தேதியைத் தேடிப் பார்த்தேன்... 1908 டிசம்பர். அந்த டிசம்பரில் வ.உ.சி. காந்திபுரத்துப் பக்கத்து மதிலுக்குள் இருந்தார்.

அவர் இழுத்த செக்கைப் பார்க்க வேண்டுமா? சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.