உமிச் சாம்பல்ல வீடு கட்டலாமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் எங்கயாவது அப்பார்ட்மென்ட் வேலை நடந்தா, அங்க கிடக்கிற சிமென்ட் மூட்டையைப் படிச்சுப் பாருங்க. நிறைய மூட்டைல பி.பி.சி.ன்னு போட்டிருக்கும். பெரும்பாலும் அனல் மின் நிலையத்து ஃபிளை ஆஷ் கலந்த சிமென்ட் அது. 35 சதவீதம் வரைக்கும் கலக்கலாம்னு இந்தியத் தரவிதியே சொல்லுது.

சாம்பல்னா கலப்படம்னு தோணும். ஆனா இது பழைய வித்தை. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போட சேர்த்தாங்க. நம்ம ஊர்ல களிமண்ணைச் சுட்டுப் பொடியாக்கிச் சேர்த்தாங்க. அதுக்குப் பேரு சுர்க்கி. பென்னிகுவிக் 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைல இருக்கிறது இந்தச் சுண்ணாம்பு-சுர்க்கி கலவைதான். எல்லாத்துலயும் ஒரே வேதியியல்: சிலிக்கா சுண்ணாம்போட சேர்ந்து இறுகுது. சிமென்ட்ல தண்ணி ஊத்தும்போதும் சுண்ணாம்பு வெளிய வரும். சாம்பல் அதைப் பிடிச்சுக்கும்.

இப்போ நெல்லுக்கு வருவோம். அம்பத்தூருக்கு வடக்க செங்குன்றம், அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். ஒரு டன் நெல்லுல சுமார் 200 கிலோ உமி. அதை எரிச்சா சுமார் 40 கிலோ சாம்பல். அதுல பெரும்பகுதி சிலிக்கா.

இந்தியாவுல பிறந்து, கலிபோர்னியாவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர் பி. குமார் மேத்தா. உமிச் சாம்பல் சிமென்ட்டுக்கு 1978-ல அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். விஷயம் சூட்டுலதான் இருக்கு. சுமார் 700 டிகிரிக்குள்ள எரிச்சா சிலிக்கா சுறுசுறுப்பா வினை புரியும். சூடு ரொம்ப ஏறினா படிகமாகி மந்தமாயிடும். அரைகுறையா எரிஞ்சா கரி மிஞ்சி, கான்கிரீட் கூடுதலா தண்ணி கேக்கும்.

2000-ல வந்த ஐ.எஸ். 456 தரவிதி உமிச் சாம்பலையும் அனுமதிக்குது. ஆனா தேவையான தரமும், எப்பவும் ஒரே சீரான தன்மையும் இருக்கணும்னு கேக்குது. சிக்கலே அங்கதான். ஆலைல உமியை எரிக்கிறது நெல் அவிக்க, சாம்பலுக்காக இல்ல. கோட் எழுதுற எனக்கு இது பழகின தலைவலி: அதே இன்புட், ஆனா தினம் ஒரு அவுட்புட்.

சிமென்ட் கிளிங்கரைச் சுட சுமார் 1450 டிகிரி சூடு வேணும். அதுல ஒரு பங்கைச் சாம்பல் மிச்சப்படுத்தினா லாபம் காத்துக்கும்தான். அதனால உங்க கட்டடத்துல சாம்பல் கலக்கிறாங்கன்னா பதறாதீங்க. எந்தச் சாம்பல், டெஸ்ட் ரிப்போர்ட் எங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!