பாண்டி பஜார் நடைபாதை: அகலம் வந்த வரிசை

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தை நகர வீதிச் சீரமைப்பின் முன்மாதிரியாகப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நியாயமான பாராட்டுதான். ஆனால் சாலையோர வியாபாரிகள் அங்கிருந்து அகற்றப்பட்டது 2013-இல். நடைபாதை அகலமானது ஆறு ஆண்டுகள் கழித்து. இந்த முன்பின் வரிசையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தி.நகர் கடைவீதியாகத் திட்டமிடப்பட்ட ஊரல்ல. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து நீதிக்கட்சி ஆட்சி, ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்று குறித்த நீண்ட ஏரியைத் தூர்த்து, குடியிருப்பு நகர் ஒன்றை அமைத்தது. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், அன்றைய முதல் மந்திரி பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. பூங்காவைச் சுற்றி விரிந்த சாலைகள் வீட்டுக்காரர்கள் நடமாடுவதற்காகப் போடப்பட்டவை. ஆயினும் 1928-லேயே நல்லி பட்டுக்கடை அங்கு வந்துவிட்டது. மாம்பலம் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததால் புறநகரிலிருந்தும் வெளியூரிலிருந்தும் கூட்டம் வருவது எளிதாயிற்று.

பிற்காலத்தில் வீட்டு மனைகளில் அடுக்குமாடிக் கடைகள் எழுந்தன. வாடிக்கையாளர் வண்டியை விட அந்தக் கட்டடங்களில் போதுமான இடம் இல்லை; வண்டிகள் தெருவில் நின்றன. பாண்டி பஜார் அமைந்த தியாகராயா சாலையின் இருபுறமும் கார்களும் இருசக்கர வாகனங்களும் வரிசைகட்டின. அவற்றுக்கும் கடை வாசலுக்கும் நடுவில் எஞ்சிய இடுக்கில்தான் நடப்பவரும், தார்ப்பாய் விரித்து விற்பவரும் நெருக்கியடித்தார்கள். நெரிசலுக்கான பழி மட்டும் விற்பவர்மேல் விழுந்தது. நின்ற காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைக்கவில்லை.

சட்டம் இந்த வியாபாரத்தை வெறும் தொல்லையாகக் கருதியதில்லை. நடைபாதையில் விற்பதும் அரசியல் சாசனம் காக்கும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அதை அரசு முறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல், சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. பாண்டி பஜாரில் நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2013-இல் வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். மழையும் வெயிலும் படாத கடை, முறையான ஒதுக்கீடு என்று அதில் நன்மைகள் உண்டு. ஆனால் ஹேர்பின், வளையல், ஸ்டிக்கர் பொட்டு, கைக்குட்டை போன்றவை போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்கப்படும் பொருள்கள். பட்டுப்புடவை எடுக்கப் பட்டியல் போட்டு வருகிறவர்கள்கூட ஹேர்பின்னுக்குப் பட்டியல் போடுவதில்லை. பத்து ரூபாய் கிளிப்புக்காகப் படியேறுபவர் எத்தனை பேர்? தரைத்தளத்தில் இடம் கிடைத்தவருக்கும் மேல்தளத்தில் கிடைத்தவருக்கும் பிழைப்பே வேறாகிவிடும்.

அடுத்த ஆண்டே, 2014-இல், சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் அது விதிக்கிறது. பாண்டி பஜாரில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதே 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முன்னுரிமை தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் சென்னையும் தேர்வாக, தி.நகர் அதன் மையப் பகுதியானது. தற்காலிகத் தடுப்புகள் வைத்து ஒத்திகை பார்த்தபின், ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் நடைபாதை வளாக வேலை நடந்தது. வாகனங்கள் முற்றாக விலக்கப்படவில்லை. குறுகிய வாகனத் தடத்தில் பேருந்தும் காரும் இன்றும் போகின்றன.

கவனிக்க வேண்டியது, நடைபாதைக்கு அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பது. எந்தக் கடையும் இடிக்கப்படவில்லை, சாலையும் விரியவில்லை. வண்டிகள் நின்ற இடமும் வாகனத் தடத்தின் ஒரு பகுதியுமே நடைபாதையாயின. ஆக, இடம் 2013-லும் அங்கேயே இருந்தது. வண்டி நிறுத்தத்தை முதலில் ஒழுங்குபடுத்தியிருந்தால், நடப்பவர், விற்பவர் இருவருக்கும் தரையிலேயே வழி கிடைத்திருக்கும். பற்றாக்குறையின் சுமையை எளியவர்மேல் முதலில் ஏற்றியது நிர்வாகத்தின் பிழை என்பதே என் முடிவு.

இதனால் நடைபாதை வளாகத்தின் பயன் குறைந்துவிடாது. முதியவர்கள் நடுவழியில் உட்கார இருக்கை இருக்கிறது, குழந்தையின் கையை விட்டு நடக்க முடிகிறது. தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே நுழையும் இருசக்கர வாகனங்களைக் கண்காணிப்பதுதான் ஓயாத வேலை. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதையும் திறக்கப்பட்டது.

மாநகராட்சி அடுத்து அகலப்படுத்த எடுக்கும் ஒவ்வொரு கடைவீதியிலும் விற்பனை இடங்களை முதல் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். அந்த வரைபடம் ஒப்புதலுக்குப் போகுமுன் நகர விற்பனைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.