துத்தநாகம் (ஊட்டச்சத்து)

துத்தநாகம் மனித உடலுக்குச் சிறிதளவே தேவைப்படும் இன்றியமையாத தாதுச்சத்து. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் இயங்கவும், உடல் வளரவும், புண் ஆறவும், நோய் எதிர்ப்பாற்றலும் சுவையுணர்வும் சீராக இருக்கவும் இது வேண்டும்.

வளர்ச்சி குன்றி, பருவமெய்தாதிருந்த ஈரானிய இளைஞர்களை ஷிராஸ் நகரில் ஆராய்ந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், துத்தநாகக் குறைபாடே காரணமாகலாம் என்று 1961-இல் கருதினார். புளிக்காத கோதுமை ரொட்டியே அவர்களின் முதன்மை உணவு. எகிப்தில் நடந்த பின்னாய்வுகள் அவர் கருத்துக்கு வலுச்சேர்த்தன.

தானியத் தவிட்டிலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட், துத்தநாகத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை ஃபைட்டேட்டைக் குறைக்கும். கடற்சிப்பி, இறைச்சி, முட்டை, பூசணி விதை ஆகியவற்றில் துத்தநாகம் உண்டு.

வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் 10–14 நாள்கள் துத்தநாகம் தர உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2004-இல் பரிந்துரைத்தன. நெடுநாள் மிகையாக உட்கொண்டால் செம்புக் குறைபாடு உண்டாகும்.