பாண்டிச்சேரி வால்விண்மீன், 1689: பாதை கணிக்கப்பட்டதா?

வானூர் வட்டத்திலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் கடற்கரையில் தென்கிழக்கு அடிவானத்துக்கு மறைப்பே கிடையாது. தெற்கே ஒட்டியிருப்பது புதுச்சேரி. 1689 டிசம்பரில் அங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, ஒரு வால்விண்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துவருகையில், ஆல்ஃபா செண்டாரி இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து தெரிவதைக் கண்டார். வானியல் வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காகத்தான். அவர் பின்தொடர்ந்த வால்விண்மீனோ சி/1689 எக்ஸ்1 என்ற பட்டியல் எண்ணாகச் சுருங்கிவிட்டது. அதற்கென ஒரு சுற்றுப்பாதையும் பட்டியலில் உண்டு. அந்தப் பாதையைக் கண்டறிந்த முடிவாகக் கொள்ள முடியாது என்பது என் வாதம்.

முதலில் களநிலை. பன்னிரண்டு பாகை அகலாங்கில், டிசம்பர் நடுவில், ஆல்ஃபா செண்டாரி சூரியனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகத்தான் உதிக்கும். கிழக்கு வெளுக்கும்போது அது ஏழெட்டு பாகைகூட ஏறியிருக்காது. அத்தனை தாழ்வில் காற்றின் ஒளிவிலகல் எந்தப் பொருளையும் ஏழெட்டு கலை உயர்த்திக் காட்டும். உப்பள வேலை நின்றுபோகும் மழைக்காலம் வேறு. வால்விண்மீனின் இருப்பிடத்தை அளக்க அருகில் இடம் தெரிந்த விண்மீன்கள் வேண்டும். தென்வானத்துக்கு அன்று கைவசம் இருந்த நல்ல பட்டியல், ஹேலி செயின்ட் ஹெலெனாத் தீவில் அளந்து 1679இல் வெளியிட்டது. அதில் 341 விண்மீன்கள்தாம்.

இத்தகைய சில வார அளவீடுகளை வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிங்க்ரேயும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹோலட்செக்கும் பாதை கணித்தனர். சூரியனை அது எவ்வளவு நெருங்கியது என்பதிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை. சுற்றுக்காலம் தெரியாவிட்டாலும் அண்மைத் தொலைவாவது தெரியுமே என்று பதில் சொல்வோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சுற்றுப்பாதைக்கு ஆறு கூறுகள் வேண்டும். பாதை பரவளையம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் மையத்தொலைத்தகவு 1 ஆகிவிடும். மீதி ஐந்தைக் கண்டால் போதும். ஓல்பர்ஸ் 1797இல் வகுத்த முறை இந்தச் சலுகையில்தான் நிற்கிறது. சலுகைக்கு விலை உண்டு: சுற்றுக்காலம் முழுவதும் ஒளிந்திருப்பது, 1க்கும் உண்மையான தகவுக்கும் இடையிலுள்ள அந்த நூலிழை வேறுபாட்டில். சூரியனை 2 வானியல் அலகில் நெருங்கும் ஒரு வால்விண்மீனுக்குத் தகவு 0.9985 என்றால் அரை நெட்டச்சு 1,333 அலகு. சுற்றுக்காலம் சுமார் 48,700 ஆண்டு. 0.9990 என்றால் 89,400. 0.9995 என்றால் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். நான்காம் தசம இடத்தில் ஐந்து அலகு நகர்ந்தால் மனித நாகரிகங்கள் பல அடங்கும் காலம் கூடிவிடுகிறது!

சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949 ஜூலை 2 அன்று ஹார்வர்டின் ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்விண்மீனைக் கண்டார். பாப்பு–போக்–நியூகிர்க் என்று பெயர் பெற்ற அதற்குச் சுற்றுக்காலம் ஏறத்தாழ 60,000 ஆண்டு என்று கணித்தார்கள். தகடு வந்துவிட்டதால் இருப்பிடத்தைத் துல்லியமாக, திரும்பத் திரும்ப அளக்க முடிந்தது. ஆனாலும் மேலே கண்ட கணக்கை மனத்தில் கொண்டே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். மறு ஆண்டே யான் ஊர்ட், வால்விண்மீன்களின் தொலைதூரக் கிடங்கு ஒன்று உண்டு என்று வாதிட்டபோது, நம்பத்தக்க அரை நெட்டச்சு உடையவை என்று அவர் எடுத்துக்கொண்டவை 19 மட்டுமே.

பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டைன் வால்விண்மீன் எதிர்த்திசைச் சான்று. 2021இல் அறிவிக்கப்பட்டாலும், 2014இல் சுமார் 29 வானியல் அலகில் இருந்தபோதே அது படங்களில் பதிந்திருந்தது. 2031இல் சூரியனை நெருங்கும்போதும் சனிக்கோளின் பாதைக்கு அப்பால்தான் இருக்கும். மங்கலானது, மெல்ல நகர்வது. ஆயினும் பல ஆண்டுகள் நீண்ட பதிவு அதன் பாதையை உறுதியாக்கிவிட்டது. வெறுங்கண்ணுக்கே தெரிந்த 1689ஆம் ஆண்டு வால்விண்மீனுக்கு அந்த நீளம் வாய்க்கவில்லை. பாதையை நிர்ணயிப்பது வால்விண்மீனின் ஒளி அல்ல, அளக்கப்பட்ட வில்லின் நீளம்.

சி/1689 எக்ஸ்1க்கு எதிரே மையத்தொலைத்தகவு 1.0 என்று இருப்பது அளந்த எண் அல்ல, வைத்துக்கொண்ட எண். அதை நீண்டகால வால்விண்மீன் என்று எழுதுவோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.